கீரமடுவுக் கம்பத்தின் நிழல்

நடுப்பகலில் தெருவிளக்கு எரிவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கரண்டு விளக்காவது பரவாயில்லை, எவனோ சுவிட்சை அணைக்காமல் போய்விட்டான் என்று திட்டிவிட்டு நகரலாம். சோலார் விளக்குக்கு அந்தச் சாக்கும் கிடையாது, அதற்குச் சுவிட்சே இல்லை. உச்சியில் இருக்கிற பேனலில் வெயில் பட்டால் பாட்டரியில் சார்ஜ் ஏறும், விளக்கு அணைந்து கிடக்கும். வெயில் போனால் தானாக எரியும். அதற்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான். அப்படிப்பட்ட விளக்கு ஒன்று மாசி மாதத்து உச்சி வெயிலில், ஒரு துண்டு மேகம் இல்லாத வானத்தின் கீழே, திவ்வியமாக எரிந்துகொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

என் பெயர் மரியதாஸ். ஏற்காடு பஜாரில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருக்கிறேன். எண்பத்தொன்பதில் மலையூர்களுக்கு சோலார் தெருவிளக்கு போடும் திட்டம் வந்தது. பாட்டரி வேலை தெரிந்தவன் என்று என்னைப் பிடித்தார்கள். கம்பம் நடுவதும், நட்டதைப் போய்ப் போய்ப் பார்ப்பதும் என் வேலை. சேலத்தில் நடந்த கூட்டத்தில் ஒரு அதிகாரி பேசினார். ராஜஸ்தான் மணலிலும் லடாக் பனியிலும் அந்தமான் தீவிலும் இதே பேனல் ஏறிக்கொண்டிருக்கிறது, இந்த நாட்டில் வெயில் விழுகிற இடமெல்லாம் நாளைக்கு விளக்கு எரியும் என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கள் மலையில் வெயில் விழுவதே விருந்தாளி வருகிற மாதிரிதான் என்று பின்வரிசையில் யாரோ முனகினார்கள். நான் திரும்பி முறைத்தேன்.

கீரமடுவுக்கு அந்த விளக்கைக் கொண்டுவந்தது குப்பாயி. நாகலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, காப்பி எஸ்டேட்டுக்குள் நடந்து ஏறினால் வருகிற சின்ன ஊர் அது. ஊருக்குள் நுழைகிற தடம் ஓரிடத்தில் வளையும். வளைவுக்குக் கீழே மடுவு, தண்ணீர் ஓடுகிற ஆழமான பள்ளம், எட்டிப் பார்த்தால் தலை சுற்றும். குப்பாயியின் புருஷன் சித்தனுக்கு மாலைக்கண். எஸ்டேட் வேலை முடிந்து தினமும் அந்த வளைவைத் தாண்டித்தான் அவன் வீடு வந்து சேர வேண்டும். தினமும் அவள் வளைவுக்கு வந்து நின்று கையைப் பிடித்துக் கூட்டிப்போவாள். காப்பிப் பழம் எடுக்கிற காலத்தில் அவளுக்கே வேலை முடிந்து வர இருட்டிவிடும்.

"ஏனுங்க லைட்டுக்காரரே, ஊருக்குள்ள நடறதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாமுங்க. மொதல்ல அந்த வளைவுல ஒண்ணு நடுங்க. பொழுதெறங்குனா எங்க ஊட்டுக்காரருக்குத் தடமும் மடுவும் ஒண்ணுங்க" என்று என் கடை வாசலில் வந்து நின்றாள். நான் அவளோடு கிளம்பும்வரை நகரவும் இல்லை.

போய்ப் பார்த்தால் வளைவில் ஒரு பலாமரம். குப்பாயி வீட்டு மரம்தான். கீழே ஒரு பொட்டு வெயில் விழாது, அப்படிக் கெட்டியான நிழல். சித்தன் பட்டப்பகலில் அந்த மரத்தடிக்கு வந்தால்கூட அடிமரத்தைக் கையால் தடவி, அதன் மேல் சாய்ந்து சாய்ந்துதான் சுற்றிப் போவான். இந்த நிழலில் பேனல் வேலை செய்யாது என்றேன். குப்பாயி மரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். வெட்டிப்போடலாம் என்றாள்.

வெட்டினார்கள். வேர்க்குழிக்குப் பக்கத்திலேயே கான்கிரீட் போட்டுக் கம்பத்தை நிறுத்தினேன். ஊர்க்கவுண்டர் பெரியண்ணன், "நாங்க செய்ய வேண்டியது ஒண்ணு இருக்குதுங்க. நீங்க பஸ்ஸுக்குப் போங்க" என்றார். சாமி காரியம் ஏதாவது இருக்கும், நமக்கென்ன என்று நான் கிளம்பிவிட்டேன்.

கொஞ்ச நாளில் குப்பாயி மறுபடியும் கடைக்கு வந்தாள். விளக்கு பகலெல்லாம் எரிகிறது, பொழுது இறங்கியதும் அணைந்துவிடுகிறது என்றாள்.

"பேனல் மேல துணி கிணி காயப் போட்டீங்களா?"

"அவ்வளவு ஒசரத்துல ஆருங்க துணி போடுவாங்க?"

எரிச்சலோடு மீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு. வளைவுக்கு வந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஆடுகள். கம்பத்தைச் சுற்றி வட்டமாகப் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தன. மரம் இருந்தபோது எவ்வளவு தூரம் நிழல் விழுமோ அவ்வளவு தூரம், அதற்கு வெளியே ஒரு ஆடு இல்லை. தலைக்கு மேலே வெறும் வானம். வெயில் அவற்றின் முதுகில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஏணியைச் சாத்தி ஏறினேன். ஏற ஏற வியர்வை அடங்கியது. என் கைமேல் வெயில் விழுவது தெரிகிறது, சூடு தெரியவில்லை. பேனலைத் தொட்டேன். பானைத் தண்ணீரில் கை வைத்த மாதிரி சில்லென்றிருந்தது. மீட்டரில் முள் அசையவே இல்லை. விடிகாலைச் சாய்வெயிலில் ஏறிய கொஞ்சநஞ்சச் சார்ஜையும் விளக்கு பகலிலேயே எரித்துத் தீர்த்துக்கொண்டிருந்தது.

பேனல்தான் கோளாறு என்று கழற்றிக் கீழே கொண்டுவந்து, தடத்தில் கொஞ்சம் தள்ளி வெட்டவெளியில் வைத்தேன். முள் சட்டென்று மேலே ஏறியது. பேனல் நன்றாகத்தான் இருந்தது. சந்தோஷத்தில் பீடி ஒன்று பற்றவைத்தேன். பீடி பாதி எரிவதற்குள் முள் மெதுவாக இறங்கத் தொடங்கியது. நிமிர்ந்து பார்த்தேன். ஆடுகள் ஒவ்வொன்றாக எழுந்து, கம்பத்தை விட்டு, என்னை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தன. வந்து என்னைச் சுற்றிப் படுத்தன. என் முதுகில் குளிர் ஏறியது. எனக்குப் பயமாக இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

பேனலைத் தூக்கிக்கொண்டு கம்பத்துக்கே திரும்பினேன். ஆடுகளும் கூடவே வந்தன. மாட்டி முடித்த நேரத்தில் சித்தன் ஊருக்குள்ளிருந்து வந்தான். லீவு நாள், கடைக்குப் புறப்பட்டிருக்கிறான். வெயிலில் விறுவிறுவென்று வந்தவன் ஆடுகள் படுத்திருந்த வட்டத்துக்குள் கால் வைத்ததும் தயங்கி நின்றான். கையை நீட்டிக் காற்றைத் தடவினான்.

"ஏனுங்க, இங்க இன்னும் இருட்டாத்தான கெடக்குது. மரத்த நெசமாவே வெட்டிப்போட்டீங்களா?" என்றான்.

அவன் கை, கம்பத்துக்குப் போகவில்லை. பழைய அடிமரம் இருந்த பருமனுக்குத் தள்ளி, ஒன்றுமில்லாத இடத்தைத் தடவிக்கொண்டு சுற்றிப் போனது. மற்றவர்கள் கண்ணுக்கு அங்கே வெயில். ஆடுகளுக்கும் பேனலுக்கும் சித்தன் கண்ணுக்கும்தான் நிழல்.

நேராகப் பெரியண்ணன் வீட்டுக்குப் போனேன். "ஏனுங்க கவுண்டரே, நான் பஸ்ஸுக்குப் போன பின்னாடி அங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"மரத்த வெட்டுனா நெழலு நிக்க எடமில்லாம அந்தரத்துல தவிக்குமுங்க. அதுக்கு ஒரு ஊடு காட்டோணும். வெட்டுன எடத்துல அடுத்து எதை நடறமோ, அது காலடில ஒரு கொடம் தண்ணி ஊத்தி, இனி இதுதான் உன் ஊடுன்னு சொல்லிப்போடுவோம். கன்னு வளர வளர நெழலு அதுல குடியேறிக்குமுங்க."

"அடுத்து என்ன நட்டீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். அடுத்து நட்டது நான்தான்.

"எப்பவும் கன்னுதான் நடுவோம். இந்தவாட்டி கம்பம் வந்துச்சுங்க. நட்டது நட்டதுதானன்னு ஊத்திப்போட்டன்" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வெயிலுக்காக ஒரு மரத்தையே வெட்டிவிட்டு, அதன் நிழலைத் தண்ணீர் ஊற்றி வரவேற்றுக் கம்பத்திலேயே குடி வைத்திருக்கிறார்கள். பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்த கதை. கத்தித் தீர்த்தேன். எங்கள் வீட்டில் இதையெல்லாம் நம்புகிற வழக்கம் இல்லை என்றும் சொன்னேன். அவர் அமைதியாக, "ஆடு நம்புதுங்களே" என்றார்.

சரி, செய்ததை மாற்றுங்கள் என்றேன். வளைவுக்கு மேலே ஒரு பலாக்கன்றை நட்டு, தண்ணீர் ஊற்றி, நிழலை அங்கே போகச் சொன்னார்கள். அன்றைக்குப் பொழுது இறங்கியதும் விளக்கு எரிந்ததாம். சித்தன் தனியாக நடந்து வீட்டுக்கு வந்து, வாசலில் நின்று, குப்பாயியைக் கூப்பிட்டுச் சிரித்தானாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஆனால் அடுத்த முறை நான் போனபோது கன்று வெளுத்துப்போய், கூடைக்கடியில் மறந்துவிட்ட நாற்று மாதிரி கவிழ்ந்து செத்துக் கிடந்தது. ஆடுகள் மறுபடியும் கம்பத்தடியில் படுத்திருந்தன.

"சின்னது தாங்கலீங்க" என்றார் பெரியண்ணன். "பெரிய மரத்துக்கெல்லாம் அதது நெழலு இருக்குது. ஒரு ஊட்டுல ரெண்டு குடித்தனம் ஒத்து வராது. உசுரில்லாத கம்பத்துக்குத் தெரியாமக் குடுத்துட்டன். தெரிஞ்சே இன்னொரு கட்டைக்குக் குடுத்தா அது போவாதுங்க."

"அப்போ எதுக்குத்தான் குடுக்கறது?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். குப்பாயி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸுக்குப் போக முடியாமல் குப்பாயி வீட்டிலேயே இருந்துவிட்டேன். பொழுது சாய்கிற நேரத்தில் மழை விட்டது. சித்தன் வருகிற நேரம் என்று அவள் வளைவுக்குக் கிளம்பினாள், நானும் போனேன். மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பார்கள். அங்கே தூவானம்கூட இல்லை, வானம் தெளிந்துவிட்டது. ஆனாலும் கம்பத்தைச் சுற்றி மட்டும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது, இலைகளில் தேங்கியது உதிர்கிற மாதிரி. நான் அண்ணாந்து பார்க்கவில்லை. பகலெல்லாம் எரிந்த விளக்கு சிவந்து, நடுங்கி, எங்கள் கண் முன்னால் அணைந்தது.

தடத்தில் சித்தன் வருவது தெரிந்தது. "அங்கயே நில்லுங்க, நான் வர்றன்" என்று குப்பாயி குரல் கொடுத்தாள். அவன் நின்றிருக்கலாம். ஆனால் அந்த நிழலுக்குள் வந்ததும் அவன் உடம்புக்கு மரம் ஞாபகம் வந்துவிட்டது. எத்தனை வருஷத்துப் பழக்கம். கையை நீட்டி அடிமரத்தைத் தடவினான். தடவியவன் எப்போதும் போல அதன் மேல் சாய்ந்தான்.

சாய்வதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

மடுவின் விளிம்புக்குக் கீழே உண்ணிப்புதர் அடர்ந்திருந்தது, அதில் மாட்டிக்கொண்டான். கயிறு போட்டு ஊரே சேர்ந்து இழுத்தோம். கை ஒன்று முறிந்தது, உடம்பெல்லாம் முள். மேலே வந்ததும், "மரம் என்னையத் தள்ளிப்போடுச்சு குப்பாயி" என்றான். அவள் அழவில்லை. அவன் தலையில் ஒட்டியிருந்த சருகுகளை எடுத்துக்கொண்டே கம்பத்தைப் பார்த்தாள்.

அடுத்த தடவை போகும்போது கம்பத்தைப் பிடுங்கிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். மேலிடத்தில் என்ன கேட்டாலும் கேட்கட்டும். உச்சி வேளையில் வளைவுக்கு வந்தால் விளக்கு அணைந்திருந்தது, அணைந்திருக்க வேண்டியபடி. கம்பத்தடியில் ஒரு ஆடு இல்லை. ஏறிப் பேனலைத் தொட்டேன், கை சுட்டது. மீட்டர் முள் துள்ளியது. நான் ஏணியில் நின்றபடியே சிலுவை போட்டுக்கொண்டேன்.

இறங்கும்போதுதான் ஆடுகளைப் பார்த்தேன். மேட்டுத் தடத்தில் வந்துகொண்டிருந்தன. மேய்கிற ஆடு பரவி வரும். இவை ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, வட்டமாக வந்தன. வட்டத்தின் நடுவில் குப்பாயி நடந்து வந்தாள்.

ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அவள் பக்கத்தில் வந்ததும் என் தலைக்கு மேல் விளக்கு எரிந்தது.

"மடுவுத் தண்ணிய ஒரு கொடம் மோந்து எடுத்தாந்தனுங்க. கம்பத்துகிட்ட நின்னு, என் காலு மேலயே ஊத்திக்கிட்டு, இனி இதுதான் உன் ஊடுன்னு சொல்லிப்போட்டன்" என்றாள். கதவைச் சாத்தினேன் என்று சொல்வது போலச் சொன்னாள்.

"உனக்கென்ன பைத்தியமா? கன்று செத்ததைப் பார்த்தாய் அல்லவா?" என்று கத்தினேன். கோபத்தில் எனக்குப் பஜார்ப் பேச்சுகூட வரவில்லை, பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரிக் கத்தினேன்.

"அது சின்னக் கன்னுங்க. நான் அப்படியா? கொஞ்சம் குளுருது, அவ்வளவுதான்."

"வேற ஒருத்தருக்கு மாத்திவுடும்மா."

"ஆரு தலையிலங்க கட்டறது?"

ஏணியை அப்படியே விட்டுவிட்டேன். அவள் கூடவே வீட்டுக்கு நடந்தேன். வாசலில் சித்தன் கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தான். முற்றம் முழுக்க வெயில். என்னைப் பார்த்ததும், "வாங்க லைட்டுக்காரரே" என்று எழுந்தான். பிறகு முகத்தை இங்கும் அங்கும் திருப்பினான். குப்பாயி அவனுக்கு எதிரில்தான் நின்றிருந்தாள்.

"குப்பாயி வந்துட்டாளுங்களா?"

"இங்கதான் நிக்கறன்" என்றாள் அவள்.

அவன் நல்ல கையை நீட்டித் தடவினான். அவள் கிட்டே போய், அந்தக் கையைத் தன் தோளில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"எல்லாந் தெரியுதுங்க. கோழி தெரியுது, அந்தால மடுவு தெரியுது, உங்க சட்டக் கோடு தெரியுது. இவ நிக்கற எடந்தான் இருட்டா இருக்குது. சொன்னா ஒண்ணும் பேச மாட்டேங்கறா" என்று என்னிடம் சொன்னான்.

நான் வாசலில் கிடந்த கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அவன் பத்திரமாக வீடு வந்து சேர வேண்டும் என்றுதான் அவள் மரத்தைக் கொடுத்தாள், பிறகு தன்னையே கொடுத்தாள். அவன் வந்து சேர்ந்துவிட்டான். வந்து சேர்ந்த வீட்டில் அவள் மட்டும் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை.

பொழுது இறங்கும்வரை இருந்தேன். குப்பாயி அவன் கையைப் பிடித்து வளைவுக்குக் கூட்டிவந்தாள். வெயில் முழுக்கப் போனதும் விளக்கு நன்றாக, வெள்ளையாக எரிந்தது. மர நிழல் சூரியனைத்தான் மறைக்கும், மரத்துக்குக் கீழே ஏற்றிய விளக்கை அது என்ன செய்யும்? வீட்டுச் சிம்னி விளக்கின் வெளிச்சம் மாலைக்கண்ணுக்குப் போதாது, இது போதும். அவள் விளக்குக்கு நேர் கீழே போய் நின்று முகத்தை நிமிர்த்தினாள். சித்தன் அவளைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

"எளைச்சுப்போயிட்டயே" என்றான்.

குப்பாயி என் பக்கம் திரும்பினாள். "லைட்டுக்காரரே, வேற ஒண்ணும் வேண்டாமுங்க. இந்த வெளக்க மட்டும் அணைய வுட்டுராதீங்க."

அதற்குப் பிறகு வருஷங்கள் ஓடிவிட்டன. அந்த அதிகாரி சொன்னது பொய்யில்லை. பள்ளிக்கூடக் கூரையில் பேனல் ஏறியது, ஆஸ்பத்திரியில் தடுப்பூசி மருந்து வைக்கிற பெட்டிக்கு ஏறியது, ஏரிக்கரையிலிருந்து பஜார் வரைக்கும் கம்பங்கள் வந்துவிட்டன. நாடு முழுக்க இவ்வளவு, இன்னும் இவ்வளவு என்று ரேடியோவில் சொல்லும்போதெல்லாம் ஊருக்குச் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான், என் பிழைப்பே அதில்தான். ஆனால் ஒவ்வொரு புதுப் பேனலுக்கும் குப்பாயி நடக்கிற தடம் ஒன்று குறைந்தது. அவள் கிட்டே போனால் மருந்துப் பெட்டிகூடக் கொஞ்ச நேரம் அசந்துவிடும். அதனால் அவள் கீரமடுவை விட்டு இறங்குவதையே நிறுத்திவிட்டாள். நான்தான் மாதாமாதம் போய், பாட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, பேனலைத் துடைத்துவிட்டு வருவேன். இந்தத் தடவை காய்ச்சலில் படுத்துவிட்டதால் போக முடியவில்லை.

நேற்று நல்ல சித்திரை வெயில். கடையில் உட்கார்ந்து ஒரு ரேடியோவுக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். பஸ் ஸ்டாண்டு முனையில் இருக்கிற விளக்கு எரிந்தது. அது அணைந்ததும் அதற்கு அடுத்தது எரிந்தது. அது அணைந்து, அதற்கும் அடுத்தது. கடைக்காரர்கள் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். நான் திட்டவில்லை. கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றேன்.

முக்காடு போட்டுக்கொண்டு குப்பாயி நடந்து வந்தாள். நாக்கைத் தொங்கப்போட்ட தெருநாய்கள் அவளை ஒண்டியபடி வந்தன. என் கடை வாசலில் அவள் நின்றதும், வாசல் கம்பத்தின் விளக்கு எரிந்தது. வெளுத்துப்போன முகம். உதடு குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தது.

"வெளக்கு எரியறதில்லீங்க" என்றாள். "அவரு என்னையப் பாத்து நாளாச்சு."

தண்ணீர் வற்றிக் கீரமடுவுப் பாட்டரி செத்திருக்கும். புதிது சேலத்திலிருந்து வர வேண்டும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. நான் சாவியை எடுத்துக்கொண்டு போய், வாசல் கம்பத்துப் பெட்டியைத் திறந்தேன். பஜாரே பார்த்துக்கொண்டிருந்தது. ஒயரைப் பிடுங்கியதும் எங்கள் தலைக்கு மேல் எரிந்துகொண்டிருந்த விளக்கு அணைந்தது. பாட்டரியைச் சாக்கில் சுற்றித் தோளில் தூக்கிக்கொண்டேன்.

"வாம்மா" என்றேன். "பொழுதெறங்கறதுக்குள்ள போயிரலாம்."